உருளைக்கிழங்கு வயலில் முளைத்த சிக்னல்

முதல் மழைக்குப் பின் கிழங்கு முளைவிடத் தொடங்கிய வாரத்தில், வைராபட்டா என்ற மலையூரில் ஃபோர்த்துனாத்தோவின் வயலில் ஒரு சிக்னல் விளக்கு முளைத்தது. தண்டு பச்சையாக, லேசான ரோமத்தோடு, கிழங்குச் செடியின் தண்டைப் போலவே இருந்தது. உச்சியில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மொட்டுகள். ஃபோர்த்துனாத்தோ அதைக் களை என்று நினைத்துக் களைக்கொத்தை ஓங்கினார். மேல் மொட்டு விரிந்து சிவப்பாக எரிந்தது. கொத்தை இறக்கினார், கீழ் மொட்டு விரிந்து பச்சை எரிந்தது. சொன்ன பேச்சைக் கேட்கும் செடியை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. மண் அணைத்து, கம்பளிக்காக வளர்க்கும் லாமாக்களின் சாணம் ஒரு கூடை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த ஆண்டு ஆலங்கட்டி மழையால் கிழங்கு விளைச்சல் சுமார்தான். சிக்னல் மட்டும் நன்றாக வந்தது. மாத முடிவில் ஆள் உயரம் தாண்டி, ஊரைவிட்டு வெளியே போகும் ஒரே பாதையின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

அது என்ன என்று ஊரில் தெரிந்த ஒரே ஆள் பள்ளிக்கூட டீச்சர் எலோடியா சுல்க்கா. எதனால் முளைத்தது என்பதும் அவளுக்குத் தெரியும். அதனால்தான் அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

விஷயம் தேர்வில் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் தலைநகரத்திலிருந்து, அதாவது கடலோரத்திலிருக்கும் லீமாவிலிருந்து, நாடு முழுவதற்கும் ஒரே கேள்வித்தாள் வரும். சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்? என்று அதில் கேட்டிருக்கும். வைராபட்டாப் பிள்ளைகள் நன்றாக யோசித்து, லாமாக்களைப் பட்டியில் அடைக்க வேண்டும் என்று எழுதுவார்கள். அங்கே வானம் சிவப்பதற்கு அதுதான் அர்த்தம். நகரும் படிக்கட்டில் ஏறும்போது எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு, படிக்கட்டைத்தான், விட்டால் ஓடிவிடும் என்று ஒருவன் எழுதினான். கடற்கரைக்குப் போகும்போது எதை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதற்கு எல்லோரும் ஒரே பதில்தான்: ஒரு வாரத்துக்கான வறுத்த சோளம். எல்லாவற்றுக்கும் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களைத் தலைநகரத்தில் கூட்டிப் பார்த்து, மலைப் பிள்ளைகளுக்கு மூளை கொஞ்சம் மந்தம் என்று முடிவுகட்டி, அதற்கு மருந்தாகப் பள்ளிச் சுவரில் 'நாடு முன்னேறுகிறது' என்று எழுதிவைக்க ஆள் அனுப்பினார்கள். கீழே ஒரு அம்புக்குறியும் போட்டார்கள். பெயிண்டர் நின்ற இடத்தின் வசதிப்படி அம்பு மலையடிவாரத்தைப் பார்த்து, ஊரைவிட்டு வெளியே காட்டியது.

இரண்டு ஆண்டு தோற்றாயிற்று. மூன்றாவது முறையும் தோற்றால் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளத்தாக்கிலிருக்கும் சாந்தா ருஃபீனா விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உத்தரவு வந்தது. எலோடியா அந்த விடுதியில் இருந்தவள். ஒன்பது வயதில் அம்மா அவளை அங்கே கொண்டுபோய் விட்டாள். அங்கே நன்றாகப் படிக்கக் கற்றுக்கொண்டாள். சாப்பாட்டு மேசையில் பேசாமலிருக்கவும், மலைக்காரி என்று காட்டிக்கொடுக்கும் தொப்பியை ஒளித்துவைக்கவும் கற்றுக்கொண்டாள். முதல் விடுமுறைக்கு வந்தபோது அம்மா ஓடிவந்து அணைக்கக் கை நீட்டினாள். அவளிடமிருந்து வந்த சாண அடுப்புப் புகை வாசனைக்கு எலோடியாவின் கால் தன்னையறியாமல் அரை அடி பின்னால் போனது. அம்மா அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் மூட்டையை வாங்கிக்கொண்டாள். இருவரும் அதைப்பற்றிப் பேசியதே இல்லை; அம்மா இறந்தும் ஆண்டுகள் ஆகிவிட்டன. எலோடியாவுக்குத் தேர்வைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை. தன் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு வாசலில் நின்று அந்த அரை அடியைப் பின்னால் எடுத்துவைப்பதை நினைத்தால்தான் பயம்.

இந்த நிலைமையில்தான் ஆகஸ்ட் வந்தது. ஆகஸ்டில் பூமித்தாய் வாயைத் திறந்து பசியோடு கிடப்பாள். அவளுக்குக் கோக்கா இலை, லாமாக் கொழுப்பு, நட்சத்திர மிட்டாய், கொஞ்சம் ஒயின் எல்லாம் வயலில் புதைத்துக் கொடுக்க வேண்டும். என்ன வேண்டுமோ அதன் சின்ன உருவத்தையும் கூடவே வைக்க வேண்டும். வீட்டுக்குச் சர்க்கரை வீடு, லாமாவுக்கு ஈய லாமா. தாய்மார் சங்கத் தலைவி காசிமிரா அன்று காணிக்கை மூட்டையைக் கட்டிக்கொண்டே எலோடியாவைப் பார்த்தாள். காசிமிராவின் மகள் நீல்டாவுக்கு எலோடியா ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"கொமாத்ரே, கெழங்கு கேக்குறோம், குடுக்குறா. குட்டி கேக்குறோம், குடுக்குறா. மார்க்கு வேணும்னு என்னைக்காவது வாயத் தெறந்து கேட்டிருக்கோமா?"

"மார்க்கு மண்ணுல வெளையாது, கொமாத்ரே."

"நீங்க காலேஜுல வெவசாயமா படிச்சீங்க? போயி அந்தப் பேப்பர எடுத்துட்டு வாங்க."

மார்க்குக்குச் சந்தையில் உருவம் விற்பதில்லை. எலோடியா பழைய கேள்வித்தாளைக் கொடுத்தாள். அவளுக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. நம்பவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதே சமயம் தாளின் மடங்கிய முனையை நீவிச் சரிசெய்துதான் கொடுத்தாள். ஃபோர்த்துனாத்தோவின் வயலில் குழி வெட்டி, மக்காச்சோளக் கள்ளான சிச்சா ஊற்றி மூடினார்கள்.

பூமித்தாய் எந்தப் பள்ளிக்கும் போனவள் இல்லை. எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்தாள். பாவம், இதற்கெல்லாம் ஏங்கிக் கிடக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டாள்.

சிக்னலுக்கு அடுத்து நகரும் படிக்கட்டு வந்தது. ஊற்றிலிருந்து வீடுகளுக்கு ஏறும் சரிவில் கற்கள் ஒருநாள் காலையில் தாமாக மேலே நகர ஆரம்பித்தன. தண்ணீர்க் குடத்தோடு நின்றால் போதும், வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை ஓடாது. பிறகு கீழ்ப் புல்வெளியில் ஒரு கோடுபோட்ட குடை முளைத்தது. குடை இருந்தால் கடல் இருக்க வேண்டுமல்லவா, மறுநாள் அதுவும் வந்தது. கால்பந்து மைதானம் அளவுக்கு, அலையோடும் கிளிஞ்சலோடும். லாமாக்கள் குடித்துப் பார்த்துத் தும்மின. கடைசியாகக் காசிமிராவின் அவரைப் பாத்தியில் ஒரு கறுப்புத் தொப்பி தெரிந்தது. முட்டைக்கோஸ் என்று தண்ணீர் விட்டார்கள். அது கோட்டும் பெட்டியுமாக வளர்ந்து வெளியே வந்து, தலை வணங்கி, "என் பெயர் ரிவாஸ். நான் காலை எட்டு மணிக்குப் பேருந்தில் ஏறினால், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்?" என்று கேட்டது. கணக்குக் கேள்வியில் இருந்த ஆள் அவர். வேறெதுவும் அவருக்குப் பேசத் தெரியாது.

"மொதல்ல சூப்பக் குடிங்க சாமி," என்றாள் காசிமிரா. "பஸ்ஸே வராத ஊர்ல மொளைச்சுட்டு மணி கேக்குறாரு."

எலோடியா வெட்கப்பட நேரமில்லாமல் வேலையில் இறங்கினாள். பிள்ளைகளை வரிசையாகச் சிக்னலுக்கு முன்னால் நிறுத்தினாள். சிவப்பு, நில், பச்சை, போ. லாமாக்களும் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டன. படிக்கட்டில் ஏற்றினாள், குடையின்கீழ் உட்காரவைத்தாள், ரிவாஸின் கேள்விக்குப் பதில் சொல்லவைத்தாள். ஒரு பிற்பகலில் பிள்ளைகள் போனபிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கடலில் கால் வைத்தாள். எத்தனையோ ஆண்டாகக் கடல் பாடம் நடத்துகிறவள்; பார்த்ததில்லை. அலை வந்து காலடி மணலை உருவிக்கொண்டு போனபோது, தன்னிடமிருந்தும் எதையோ கேட்காமல் எடுத்துக்கொண்டு போவதுபோலிருந்தது. பாடப்புத்தகத்தில் இதை யாரும் எழுதவில்லையே என்று அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, உலகத்தில் சிலருக்கு இது தினமும் கிடைக்கிறது என்ற நினைப்பும் வந்தது. அவர்கள்மேல் பொறாமைப்பட்டாள். பொறாமை நன்றாக இருந்தது. இருட்டும்வரை உட்கார்ந்து பொறாமைப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தேர்வு நடத்த ஆய்வாளர் பலாரெஸோ நவம்பரில் கோவேறு கழுதைமேல் வந்தார். தலைநகரத்திலிருந்து கையில் பையோடு வரும் எவரையும் வைராபட்டாவில் எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல் அவர் முகம் பச்சையாக இருந்தது. கோக்கா டீ கொடுத்துத் தெளியவைத்து வகுப்பில் உட்காரவைத்தார்கள். அவர் உறையைப் பிரித்தார். பிள்ளைகள் பென்சிலைச் சீவிக்கொண்டு, சிவப்பும் பச்சையும் நுனி நாக்கில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஆண்டு கேள்வித்தாளை மாற்றிவிட்டிருந்தார்கள். மலைப் பிள்ளைகளிடம் கடலையும் படிக்கட்டையும் கேட்பது அநியாயம் என்று பத்திரிகைகளில் யாரோ எழுதியிருக்கிறார்கள். அதனால் தலைநகரத்தில் ஆறேழு பேர் கூடி உட்கார்ந்து, மலைப் பிள்ளைகளுக்காகவே ஒரு தாள் தயாரித்திருந்தார்கள். அவர்களில் யாரும் மலை ஏறியவர்கள் இல்லை. முதல் கேள்வியில் பாப்லோ என்ற சிறுவன் தன் லாமாவின்மேல் ஏறிப் பள்ளிக்குப் போனான். படத்திலிருந்த லாமாவுக்கு முதுகில் ஒரு திமில் இருந்தது. இரண்டாவதில் பாப்லோவின் அப்பா மரத்தில் பழுத்த உருளைக்கிழங்குகளைக் கம்பால் தட்டி உதிர்த்தார்.

பிள்ளைகள் படத்தை இரண்டு முறை பார்த்தார்கள். பிறகு யாரோ ஒரு பிள்ளை மூக்கால் சிரித்தது. அவ்வளவுதான், அடக்க முடியவில்லை. இரண்டு பேர் பெஞ்சுக்கு அடியில் விழுந்து சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபின் உண்மையை எழுதினார்கள். பாப்லோ எத்தனை மணிக்குப் பள்ளிக்கு வருவான் என்ற கேள்விக்கு நீல்டா எழுதினாள்: 'வரமாட்டான். லாமா கீழே தள்ளியதால் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். லாமாவுக்கும் உடம்பு சரியில்லை, முதுகில் கட்டி.'

எலோடியா மேசைக்குப் போய்க் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "எஞ்சினியர் ஐயா, லாமா மேல யாரும் ஏறமாட்டாங்க."

"விடைக் குறிப்புல ஏறலாம்னு இருக்கேம்மா."

"அது லாமாவுக்குத் தெரியாதே, ஐயா."

பலாரெஸோ கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா நான் பேப்பர் தூக்கிட்டுப் போற ஆளு. விடையில உள்ளபடிதான் போடுவாங்க."

அவர் தாள்களைக் கட்டிப் பையில் வைத்து மெழுகு முத்திரை குத்தினார். எலோடியாவுக்கு அந்த முத்திரை விழும் சத்தத்தில் பள்ளிக்கதவு சாத்தப்படுவது கேட்டது. பிள்ளைகள் வழியனுப்பும் பாட்டைப் பாடிக்கொண்டு பின்னாலேயே போனார்கள், அவளும் போனாள். பாதையில் சிக்னல் வந்தது. பையைத் தோளில் மாட்டி, கழுதையைப் பிடித்துக்கொண்டு நடந்த பலாரெஸோ பக்கத்தில் போனதும் சிவப்பு எரிந்தது.

வயலில் சிக்னல் நிற்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தலைநகரத்துக்காரருக்கு அது வழக்கமான பொருள். தலைநகரத்தில் அவர் ஒருநாளும் சிவப்புக்கு நின்றதில்லை என்றும், அங்கே யாருமே நிற்பதில்லை என்றும் பிற்காலத்தில் அவரே சொன்னார். அன்றும் காலைத் தூக்கினார். பின்னாலிருந்து நீல்டாவின் குரல் வந்தது.

"எஞ்சினியர் ஐயா, செவப்புன்னா நிக்கணும்!"

அவர் திரும்பிப் பார்த்தார். பள்ளி முழுவதும் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. லாமாக்களும் நின்றுகொண்டிருந்தன. எல்லாக் கண்களும் தூக்கிய அந்தக் காலின்மேல்.

"சரியான பதில், கண்ணு," என்று சொல்லிக் காலை இறக்கினார். கழுதை பள்ளிக்கூடம் போகாதது, அது தன்பாட்டுக்குப் போய்விட்டது.

சிவப்பு மாறவில்லை. சந்தைக்குப் போகும் பெண்கள் வந்தால் பச்சை விழும், போவார்கள். ஃபோர்த்துனாத்தோ விறகுக்குப் போனால் பச்சை. அவர் நாய் போனாலும் பச்சை. பலாரெஸோ எட்டு வைத்தால் சிவப்பு. வயலில் இறங்கிச் சுற்றிப் போகப் பார்த்தார். கிழங்கை மிதிக்கிறாயா என்று ஃபோர்த்துனாத்தோ கொத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று அவரைக் குடையின்கீழ் படுக்கவைத்தார்கள். மறுநாளும் போய் நின்றார். வாரம் போனது. பிள்ளைகள் பார்க்காத நேரம் பார்த்து வந்தார். பார்க்காத நேரம் என்று ஒன்று இல்லை. கேள்வி சரிதான் என்று நிரூபித்துவிட்டால் வழி திறக்குமோ என்று ஒரு லாமாவின்மேல் ஏறினார். லாமா முகத்தில் துப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டது. நீல்டா அவருக்கு மூக்கைத் துடைக்கத் துணி கொடுத்தாள்.

சிக்னலைப் போய்ச் சோதிக்காத ஒரே ஆள் எலோடியாதான். அவளுக்குப் பயம். ஒவ்வோர் ஆண்டும் தலைநகரத்துக்கு மாற்றல் கேட்டு மனு எழுதி, ஒவ்வோர் ஆண்டும் அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். அது யாருக்கும் தெரியாது. சிவப்பு விழுந்தால் தாங்க முடியாது என்று தோன்றியது. பச்சை விழுந்தால் அதைவிட மோசம். கடைசியில் ஒரு காலை, மணியடிப்பதற்கு முன் தனியாகப் போனாள். அவள் வளைவில் திரும்பும்போதே பச்சை எரிந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரிந்துகொண்டதுபோல. அவள் கிட்டே போனாள், அது அசையவில்லை. வாழ்க்கையில் எதுவும் அவளுக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. நிற்கும்போது அவளுக்கு விஷயம் புரிந்தது. அது வரிசைப்படி விடுகிறது. யார் எவ்வளவு காலம் காத்திருந்தார்களோ அந்த வரிசை. சாலை வரும் என்று காத்திருந்தவர்கள், டாக்டருக்காகவும் கூரைத் தகட்டுக்காகவும் காத்திருந்தவர்கள், விடுதியிலிருந்து அம்மாவிடம் திரும்பக் காத்திருந்தவர்கள். அவர்கள் எல்லோருக்கும் முதலில் போகும் உரிமை பாக்கி இருக்கிறது. பலாரெஸோ வரிசையின் கடைசியில்.

அவள் அரை அடி முன்னால் வைத்தாள். பிறகு பள்ளி மணி அடிக்க நேரமாகிவிட்டதைக் கவனித்தாள். "கொஞ்சம் இரு," என்று சிக்னலிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அது இருந்தது.

பலாரெஸோவிடமும் சொன்னாள். "உங்க முறை வரும், எஞ்சினியர். எங்களுக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கு, அது தீரட்டும்."

"எவ்வளவும்மா பாக்கி?"

"எங்க தாத்தா காலத்துல இருந்து."

அவர் பையைக் கீழே வைத்தார். பிறகு, மதியத்துக்கு என்ன சூப் என்று கேட்டார்.

முத்திரையிட்ட தாள்களை ஆய்வாளர் கையால்தான் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம், அவை போய்ச் சேராததால் முடிவு வரவில்லை. முடிவு வராததால் பள்ளியை மூட முடியவில்லை; தலைநகரத்தில் அதன் பெயருக்கு எதிரே 'நிலுவை' என்று எழுதினார்கள். பலாரெஸோவைத் தேடி இன்னொரு ஆய்வாளர் வந்தார். அவருக்கும் வரும்போது பச்சை, போகும்போது சிவப்பு. அவரைத் தேடி ஒரு துணை இயக்குநர், அவரைத் தேடி ஒரு குழு. சில ஆண்டுகளில் தலைநகரத்தில் இருப்பதைவிட அதிகமான கல்வி அதிகாரிகள் வைராபட்டாவில் பனியில் உறையவைத்த கிழங்கை, நீர் பிழிந்து காயவைப்பதற்காக, மிதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மழையில் நனைவதாகக் கடிதம் போட்டதும், காத்திருந்த கூரைத் தகடுகள் ஒரே வாரத்தில் வந்தன. டாக்டர் வந்தார். அவர்களை மீட்க வேண்டும் என்று சிக்னல்வரை சாலையும் போட்டார்கள். பொழுதுபோகாமல் பலாரெஸோ பள்ளிச் சுவருக்கு மறுபடி வண்ணம் அடித்தார். அம்புக்குறியைப் பழைய இடத்தில் போட இடமில்லை, அங்கே புதிதாக ஜன்னல் வைத்திருந்தார்கள். அதனால் அது வகுப்பறைக் கதவைக் காட்டும்படி ஆகிவிட்டது. நாட்டின் அடுத்த கேள்வித்தாளை அந்த அதிகாரிகள் அங்கேயே உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியதை முதலில் நீல்டா படித்துப் பார்த்து, சிரிப்பு வராத கேள்விகளை மட்டும் அனுப்ப அனுமதித்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. காசிமிரா ஒவ்வோர் ஆகஸ்டிலும் புதைக்கும் தாளில் என்ன படம் இருக்கிறது என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் புதைக்கிறாள்.

சாலை வந்த பிறகு பேருந்து வந்தது, காலை எட்டு மணிக்கு. ரிவாஸ் தொப்பியும் பெட்டியுமாகப் போய் நின்றார். ஊரே வழியனுப்பக் கூடியது. அவருக்குப் பச்சை விழுந்தது. அவர் ஓட்டுநரைப் பார்த்தார், பேருந்தைப் பார்த்தார். தன் கேள்வியைக் கேட்காமல், முதன்முறையாக வேறொரு வாக்கியம் சொன்னார். "அவரைக்குத் தண்ணீர் விட வேண்டும்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அந்தப் பேருந்தில் ஏறியது எலோடியாதான். விடுமுறைக்கு, பத்து நாள். அவளுடைய பச்சை அதுவரை அவளுக்காக அப்படியே இருந்தது. தலைநகரத்தில் கடலைப் பார்த்துவிட்டு, பையில் மணலோடு திரும்பினாள். சிக்னலடியில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவள் இறங்கியபோது அவள்மேல் நகரத்துச் சோப்பு மணத்தது. முன்னால் நின்ற சின்னப் பிள்ளைகளின் கால்கள் அரை அடி பின்னால் போயின. எலோடியா அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல் இருக்கவில்லை, மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, ஓடாமல், கூப்பிடாமல், அங்கேயே நின்றாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றிருந்தது. சிக்னல் மஞ்சளுக்கு வந்து, பச்சைக்கு மாறியது. எல்லோரும் ஒரே ஓட்டமாக வந்து அவள்மேல் விழுந்தார்கள்.

"கடல் எப்பிடி இருந்துச்சு, டீச்சர்?"

"பெருசுதான். ஆனா உப்பு நம்ம கடல்லதான் ஜாஸ்தி."

அன்று சாயங்காலமும் பலாரெஸோ வழக்கம்போல் முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு சிக்னலுக்குப் போய் நின்றார். சிவப்பு. ஒரு நொடி மஞ்சள் விழுந்ததாகச் சொல்கிறார். வேறு யாரும் பார்க்கவில்லை. சூப்புக்கு வெங்காயம் உரிக்க வேண்டியது அன்று அவர் முறை. அதனால் சீக்கிரமே திரும்பிவிட்டார்.